மாதங்களைத் தலைகீழாகக் கேட்ட மேவிஸ்

மேவிஸ் டுகே வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், தட்டில் உருளைக்கிழங்கு விழுவதற்கு முன்னால் ஒரு கேள்வி விழும்.

"சொல்லுடா. டிசம்பர்ல இருந்து பின்னாடியே வா."

பையன் சொல்ல வேண்டும். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று ஜனவரி வரை இறங்கி வர வேண்டும். தடுக்கினால் திரும்ப முதலில் இருந்து. சரியாகச் சொன்ன பிறகுதான் இறைச்சித் தட்டு அவன் பக்கம் நகரும்.

"அம்மா, எனக்குப் பசிக்குது. ஜூன்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்ட பையன் உண்டு. "உங்க வீட்டு நாய்கூட இப்ப பின்னாடியே குரைக்குது" என்று சொன்னவன் உண்டு. ஊரில் பாதிப் பேர் அவளை டிசம்பரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லட்டும் என்பாள். சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்துவாள்.

எங்கள் ஊர் பைன் நாரோஸ். ஏரிக்கும் காகித ஆலைக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆலை மூடிப் பல வருஷமாகிவிட்டது, ஏரி அப்படியே இருக்கிறது. ஐஸ் ஹாக்கி அணி ஒன்று இருக்கிறது, பெயர் ஹெரன்ஸ். நாரை என்று அர்த்தம். ஒற்றைக்காலில் நிற்கிற அணி என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். நான் அந்த அணியின் பஸ் டிரைவர். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ் ஓட்டுவேன். உள்ளூர் ஆட்டம் என்றால், தப்பு பண்ணின பையன்களை உட்கார வைக்கிற கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து மூடுவேன். எட்டாம் வகுப்போடு ஆலைக்குப் போனவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெரிய நகரத்து கிளப்புகள், இன்னும் முற்றாத பையன்களை எங்களிடம் அனுப்பும். காயை வைக்கோலில் பழுக்கப் போடுகிற மாதிரி. பழுத்தால் எடுத்துக்கொள்வார்கள், அழுகினால் மறந்துவிடுவார்கள். பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள். அவர்களுக்குத் தனியாக வீடு பிடித்துக் கொடுக்க எங்கள் அணியால் முடியாது. அதனால் ஊரில் இருக்கிற குடும்பங்கள் ஆளுக்கு ஒரு பையனை வீட்டில் வைத்துக்கொள்ளும். கணவர் லியோ இருமியே செத்துப்போன பிறகு மேவிஸும் ஒரு பையனை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை அவளுக்கு. ஒரு வாய்க்குச் சமைக்க அவளுக்குத் தெரியாது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தன் கார்பின் லாட்டுரெல். செம்பட்டை முடி, கை நீளம், வாய் அதைவிட நீளம். சும்மா இருக்க மாட்டான். அடித்தள அறையில் சிமெண்டுத் தரையில் ஒரு கோல்ஃப் பந்தை வைத்துக்கொண்டு மட்டையால் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டே இருப்பான். டக், டக், டக். கை பழகுவதற்காக எல்லாப் பையன்களும் செய்வதுதான். மேலே அடுப்படியில் நிற்கிற மேவிஸுக்கு அது கடிகாரம் மாதிரி. நின்றால்தான் தலை நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒரு ஆட்டத்தில் கார்பினுக்குத் தலையில் அடி. ஒன்றுமில்லை என்றான். மறுநாள் வாந்தி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று படுத்தான். அப்போது ஊர் முழுக்கச் சளிக் காய்ச்சல். மேவிஸ் கோழி சூப் வைத்துக் கொடுத்தாள், போர்வை போர்த்திவிட்டாள். அடுத்த ஆட்டத்தில் யாரோ தோளால் லேசாக உரசினார்கள், அவ்வளவுதான். கார்பின் தானே நடந்து பெஞ்சுக்கு வந்தான், உட்கார்ந்தான், பக்கத்தில் இருந்தவன் மடியில் சாய்ந்தான். தூங்குகிறான் என்றுதான் அந்தப் பையன் நினைத்தானாம்.

நகரத்து ஆஸ்பத்திரியில் கார்பின் கண்ணைத் திறக்கவே இல்லை.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை தாங்காது என்று அப்புறம் ஒரு ஆள் வந்து எங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னார். அடிபட்டவனை மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள், திணறினால் ஐஸில் இறக்காதீர்கள் என்றார். முன் வரிசையில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கே அவள் மனப்பாடம் பண்ணிவிட்டாள். அவள் சொல்லும்போது ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு மூச்சு விடுவாள். ஆகஸ்ட்... ம்... ஜூலை. படி இறங்கும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

அந்த வருஷத்திலிருந்துதான் சத்தமும். பையன்கள் எல்லாம் பயிற்சிக்குப் போயிருக்கும்போது கீழே டக், டக் என்று கேட்கிறது என்பாள். யாரும் சட்டை செய்யவில்லை. ஒரு தடவை அவள் வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு நின்றுவிட்டது என்று நான் கீழே இறங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பையனின் அறை. டக், டக். கொஞ்சம் நின்றது. டக்.

மேலே எட்டிப் பார்த்து, "மேவிஸ், பையன் வீட்டுலயா இருக்கான்?" என்றேன்.

"இல்லையே. எல்லாரும் ரிங்க்ல பயிற்சியில இருக்காங்க." படியில் நின்றபடியே கேட்டாள்: "உனக்கும் கேட்டுச்சா?"

"குழாய் சூடாகுது. இரும்பு விரியுற சத்தம்."

"அடுப்பைத்தான் நீ இன்னும் பத்தவே வைக்கலையே, ஆர்மான்."

நான் பத்த வைத்தேன். அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த குளிர்காலத்துக்கு வருகிறேன். அந்தக் குளிர்காலத்தில் ஹெரன்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் பாட்டுக்காகச் சண்டை போடுகிற பையன்கள் சண்டை போடுவதை விட்டுவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். இருட்டில் மரங்கள் ஓடும். சவ ஊர்வலத்துக்கு ஓட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு. அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. கத்துகிற நாலு பேரின் குரல் கூரையில் மோதித் திரும்பி வரும்.

அணியை வாங்கின புது முதலாளி வெளியூர்க்காரர். புது ஜெர்சி தைக்க வேண்டாம், பெட்டியில் இருப்பதை எடுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பழைய பெயரைப் பிரித்து எடுத்துவிட்டு அதே ஜெர்சியில் புதுப் பெயரைத் தைப்பார்கள். அப்படிப் பெட்டியில் இருந்து இருபத்திரண்டாம் நம்பரும் வெளியே வந்தது. கார்பினின் நம்பர். இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அதை மூட்டை கட்டி வைத்தவர்கள் ஆலை மூடியதோடு ஊரை விட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதை வாங்கிப் போட்டுக்கொண்டவன் நீலோ. ஃபின்லாந்துப் பையன். வெள்ளை முடி, கூச்ச சுபாவம், ஐஸில் இறங்கினால் மட்டும் வேறு ஆள். அந்தக் கூட்டத்தில் பழுக்கிற காய் அவன் ஒருத்தன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மேவிஸ் வீட்டில்தான் தங்கினான். அதே அறை. வேறு அறை இல்லை.

வரும்போது நீலோவுக்கு எங்கள் பாஷை பத்து வார்த்தை தெரியாது. மாதப் பெயர்களை முதன்முதலில் கற்றுக்கொண்டதே மேவிஸின் சாப்பாட்டு மேஜையில்தான். அதனால் அவனுக்கு மாதங்கள் பின்னாலிருந்துதான் வரும். "உன் பிறந்தநாள் எப்ப" என்று கேட்டால், கண்ணை மூடி டிசம்பரில் ஆரம்பித்து வாய்க்குள் முணுமுணுத்து இறங்கி வந்து, "மார்ச்!" என்பான். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேவிஸும் சிரிப்பாள். அவள் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் உள்ளூர் ஆட்டத்தில் அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீலோ முதுகைக் காட்டி நின்றபோது மேலே இருந்து விளக்கு நேராக விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அந்தச் சட்டையில அடியில இன்னொரு பேர் இருக்கு, ஆர்மான்."

ஊசி போன ஓட்டைகள். பிரித்தெடுத்தாலும் துணியில் அவை அடைவதில்லை. நீலோவின் பெயருக்கு அடியில், கொஞ்சம் தள்ளி, லாட்டுரெல் என்று புள்ளி புள்ளியாகப் படிக்க முடிந்தது. நானும் பார்த்தேன். பார்த்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோச் வெண்டலிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன்தான், அந்த வருஷம் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"வேற நம்பர் கொடுக்கச் சட்டை வேணும், ஆர்மான். சட்டை எங்க இருக்கு? உன் பஸ்ஸுலயா?"

அதோடு சரி.

ஜனவரியில் என் மகள் ஜோசெட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிளெமான்ஸ் என்று பெயர். எனக்குக் கால் தரையில் இல்லை. போனில் படத்தை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். எதிரணிப் பையன்கள் தண்டனைக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கும் காட்டினேன். "தாத்தா, எனக்கு ரெண்டு நிமிஷம்தான் தண்டனை, நீங்க அஞ்சு நிமிஷம் போட்டுட்டீங்களே" என்றான் ஒருத்தன்.

அந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை ஆட்டம். நீலோ ஓரப் பலகையருகே பக்கை எடுக்கக் குனிந்தான். பக் என்றால் அந்த ரப்பர் வில்லை. குனிந்த தலையோடு எதிரணி ஆள் அவனைப் பலகையில் வைத்து நசுக்கினான். கண்ணாடி அதிர்ந்தது. நீலோ எழுந்தான், தலையை உதறினான், நேராகச் சறுக்கி என் கூண்டுக்கு வந்து கதவைத் தட்டினான்.

"உனக்கு எதுக்குடா? நீ எந்தத் தப்பும் பண்ணல. பெஞ்ச் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போனான். ஆட்டம் முடிந்ததும் டாரில் அவனை உட்கார வைத்துக் கேட்டான். டாரில்தான் எங்களுக்கு எல்லாமே. ஸ்கேட் தீட்டுவான், கட்டுப் போடுவான், மற்ற நேரத்தில் தீயணைப்பு வண்டியில் போவான். மாதங்களைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறான். நீலோ ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

மறுநாள் மேவிஸுக்குப் படம் காட்டப் போனபோது, தப்பே பண்ணாதவன் ஜெயில் கதவைத் தட்டின கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள்.

"உன் கதவையா தட்டினான்?"

"ஆமா. டாரில் பாத்துட்டான். ஒண்ணுமில்லையாம்."

சாயங்காலம் அவளும் கேட்டாளாம். நீலோ கடகடவென்று சொன்னான். இரண்டு தடவை சொல்லச் சொன்னாள், இரண்டு தடவையும் சொன்னான். அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அறை ஜன்னலில் ஒரு போர்வை தொங்கியது. ஏன் என்று கேட்டதற்குக் குளிர் என்றான். ஃபின்லாந்துக்காரனுக்குக் குளிர்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பெரிய கிளப்பில் இருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நீலோவை மட்டும் பார்க்க. பிடித்திருந்தால் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். பையன்கள் பொறாமைப்படவில்லை, ஒருத்தனாவது இங்கிருந்து மேலே போகட்டும் என்றிருந்தார்கள். நீலோ ஃபின்லாந்தில் இருக்கிற அம்மாவிடம் போனில் பேசியபோது, மேவிஸுக்குப் புரியாத பாஷையில் அவன் குரல் ஒரு சின்னப் பையன் குரல் மாதிரி இருந்ததாம்.

ஆட்ட நாள் என்றால் இந்தப் பையன்களுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். இடது ஸ்கேட்டை முதலில் மாட்ட வேண்டும். மத்தியானம் ஒரே சாப்பாடு, கோழியும் மக்ரோனியும். ஒரு தடவை சோஸ் மாறிவிட்டது என்று சாப்பிடாமல் எழுந்த பையனை எனக்குத் தெரியும். அன்று காலையில் பனிமழை பெய்து கம்பிகள் அறுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மேவிஸின் அடுப்பு கரண்ட் அடுப்பு. கோழி பச்சையாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் டப்பா பீன்ஸைத் திறந்து சூடு பண்ணாமலே ரொட்டியோடு வைத்தாள். பையன் இன்றைக்குக் கூரையைப் பிய்க்கப் போகிறான் என்று பயந்துகொண்டே வைத்தாளாம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியால் எடுத்து எடுத்துத் தின்றான். தின்றுவிட்டுக் கீழே போனான்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. ஆட்டத்துக்குப் புறப்பட்ட நீலோ, பல்லுக்குப் போடுகிற ரப்பரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைக் கொடுக்கத்தான் மேவிஸ் அரங்கத்தின் பின்வாசல் வழியாக வந்தாள். தண்ணீர் பாட்டில்களோடு நான் நடையில் போய்க்கொண்டிருந்தேன். டாரிலின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீலோ முழு உடுப்போடு, ஜெர்சி மாட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா ஒரு தடவை சொல்லிடு, நீலோ. அப்பதான் மேவிஸம்மா என்னைத் தூங்க விடுவாங்க" என்றான் டாரில்.

நீலோ சொன்னான். "டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட்... ம்... ஜூலை..."

மேவிஸ் என் கையைப் பிடித்தாள். பாட்டில் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"அது என் மூச்சு" என்றாள்.

"என்ன?"

"ஆகஸ்ட்டுக்கு அப்புறம் விடுறான் பாரு, அது என்னோட மூச்சு, ஆர்மான். அவன் யோசிச்சு சொல்லல. என்னைத் திரும்பச் சொல்றான். அடிபட்டவன்கூடச் சொல்லுவான். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவான். ஐயோ, நானே சொல்லிக்கொடுத்துட்டேனே. எல்லாப் பசங்களுக்கும் சொல்லிக்கொடுத்துட்டேனே."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் கேட்டுக் கோச் வெண்டலும் வந்தார்.

"இவனை எறக்காதீங்க."

"மேவிஸ், இப்ப வேணாம்" என்றார் கோச். "மேல அந்த ஆள் காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கார். இவனுக்காக ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்திருக்கார். டாரில் மூணு நாளா கேட்டுட்டான். பாஸ் ஆயிட்டான்."

"பாஸ் இல்ல, வெண்டல். மனப்பாடம்."

"உனக்கு அந்தச் சட்டையப் பாத்தா பயம். எனக்குப் புரியுது. ஆனா செத்தவனுக்காக இருக்கிறவன் வாழ்க்கையைக் கெடுக்காத."

டாரில் தரையைப் பார்த்தான். மேவிஸ் நீலோவுக்கு முன்னால் குனிந்தாள்.

"கண்ணா, இன்னிக்கு மத்தியானம் என் வீட்டுல என்ன சாப்பிட்ட?"

நீலோ அவளைப் பார்த்துச் சிரித்தான். பாவம், அதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பான்.

"கோழி. மக்ரோனி."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு. எப்பவும் போல. நல்லா இருந்துச்சு, மேவிஸம்மா."

மேவிஸ் கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல இருந்து மூணு மணி வரைக்கும் ஊர்ல கரண்ட் இல்ல. உன் வீட்டுலயும் இல்ல. நான் டப்பா பீன்ஸ் வெச்சேன். சூடு பண்ணாத பீன்ஸ். ஆட்ட நாள் அன்னிக்கு. அதைத் தின்னது அவனுக்கு ஞாபகம் இல்ல."

வெளியே ஐஸைச் சீர்படுத்துகிற வண்டி சுற்றிவருகிற சத்தம் மட்டும். கோச் நீலோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டையைக் கழட்டு" என்றார்.

நீலோவுக்கு அது புரிந்தது. எழுந்தான், கத்தினான், அவன் பாஷையில் கத்தினான். எங்கள் பாஷையில் ஒன்றே ஒன்று சொன்னான், அது மேவிஸைப் பார்த்து. "நீ என் அம்மா இல்ல." மட்டையை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். அது உடையாததால் திரும்பவும் அடித்தான். டாரில்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துச் சட்டையை உருவினான்.

அன்றும் தோற்றோம். மேலே இருந்த ஆள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்.

ஊர் பேசியது. கிழவிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். செத்த பையன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, உயிரோடு இருக்கிறவனையும் மேலே விட மாட்டான் என்றார்கள். டோனட் கடையில் என் முன்னாலேயே சொன்னார்கள். நீலோ அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை, இன்னொரு பையன் தங்கியிருந்த வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டான். நன்றாகத்தான் இருக்கிறான், சிரிக்கிறான், ஒன்றுமே இல்லை என்று அந்தப் பையன்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். திங்கட்கிழமை விமானத்தில் அனுப்புங்கள், எங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று பெரிய கிளப் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேவிஸ் வீட்டுக்குப் போனேன். அவன் பையைக் கட்டி வைத்திருந்தாள். துணி எல்லாம் இஸ்திரி போட்டு.

"நான் நினைச்சது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். "சும்மா மறந்திருப்பான். பதட்டத்துல சொல்லியிருப்பான். அங்க போய் டாக்டர் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லட்டும். கிறுக்குக் கிழவின்னு என்னைச் சொல்லட்டும். என்னைத் திட்டிக்கிட்டே அவன் நூறு வயசு இருக்கட்டும்."

"சத்தம் கேக்குதா இன்னும்?"

"ரெண்டு நாளா இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் பிழைத்துவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. திறந்து எடுத்தார்கள். பிழைத்தான். அவன் அம்மா வந்து கூட்டிப்போனாள். திரும்ப ஐஸில் இறங்கவில்லை. மேவிஸிடம் சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. ஆனால் எனக்கு மனசில் நிற்பது அதெல்லாம் இல்லை. எனக்கு நிற்பது அந்தத் திங்கட்கிழமை வண்டிதான்.

ஒருத்தனுக்காகப் பஸ் எதற்கு என்று என் வேனை எடுத்தேன். நீலோ முன்னால் ஏறி உட்கார்ந்தான், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். பின் கதவு திறந்தது. பையோடு மேவிஸ் ஏறினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நானும் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

விமான நிலையம் தூரம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் காடு. வெயில் அடித்தது, பனி கண்ணைக் கூச வைத்தது. நீலோ கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். சும்மா இருக்க முடியாமல் பேத்தி சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். பிறந்த பத்து நாளில் எந்தக் குழந்தையும் சிரிக்காது, அது வயிற்றுக் காற்று என்று பின்னாலிருந்து மேவிஸ் சொன்னாள்.

பழைய ஆலையைத் தாண்டினபோது நீலோ கேட்டான்: "எங்க போறோம், ஆர்மான்?"

"ஏர்போர்ட்டுக்கு. உங்க பெரிய கிளப் டாக்டரைப் பாக்க."

"ஓ. சரி."

பாலம் வந்தது. பாலத்தைக் கடந்தோம். கோபத்தில் கேட்கிறானா என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை, கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"எங்க போறோம், ஆர்மான்?"

"ஏர்போர்ட்டுக்கு."

"ஆட்டம் இருக்கா?"

கண்ணாடியில் மேவிஸைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தன் வேண்டுதல் பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. ஜெயித்தவள் முகம் அது இல்லை. அவள் முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டாள்.

"ஏர்போர்ட் வேணாம். அடுத்த ரோட்டுல திரும்பு. ஆஸ்பத்திரி."

திரும்பினேன். அவ்வளவு வேகமாக நான் வேன் ஓட்டினதில்லை. மேவிஸ் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவில் முழங்காலை ஊன்றி, நீலோவின் தலையை ஜன்னலில் மோதாமல் கையால் தாங்கிக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. அவள் யாரென்று தெரிந்து தடுக்கவில்லையா, தெரியாமலா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"எங்க போறோம்?" என்றான்.

"டாக்டர்கிட்ட போறோம் கண்ணா."

"ஓ. சரி."

ஒரு வளைவு. மரங்கள். இன்னொரு வளைவு.

"எங்க போறோம்?"

"டாக்டர்கிட்ட போறோம் கண்ணா" என்றாள் மேவிஸ், அப்போதுதான் முதன்முதலாக அவன் கேட்கிறான் என்பது போல. ஆஸ்பத்திரிக் கூரை கண்ணில் படும் வரைக்கும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட அவள் குரல் மாறவில்லை.